பதினோராம் தொட்டி

ஒதீல் கஸ்தேன் வாயில் வைத்திருந்த ஒயினை மூன்றடி தள்ளியிருக்கும் வடிகால் துளைக்குள் துப்புகிறார். ஒரு சொட்டுகூடத் தரையில் விழவில்லை. துப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் யாரும் அவரோடு பேசக் கூடாது. பேசினால், கண்ணைத் திறக்காமலே கையை நீட்டிக் கதவைக் காட்டுவார்.

ஜனவரி முதல் மார்ச் வரை அவர் பற்பசை தொடுவதில்லை, உப்புதான். குளிக்க வாசனையில்லாத சோப்பு. போன வாரம் தபால்காரர் புதிதாகச் சவரம் செய்து, ஏதோ தைலம் தடவிக்கொண்டு வந்துவிட்டார். "கடிதத்த வாசல்லயே வச்சிட்டுப் போப்பா. உன் கன்னம் என் தொட்டி அத்தனையையும் கெடுத்துடும்" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. தபால்காரர் இன்னும் வாசல் மிதிக்கவில்லை.

கரோன், தொர்தோஞ் ஆறுகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் நாற்பத்திரண்டு குடும்பங்கள் திராட்சை பயிரிடுகின்றன. எல்லோர் பழமும் கூட்டுறவுக் கிடங்குக்கு வருகிறது. ஒவ்வொரு சரிவின் பழமும் தனித் தொட்டியில் ஒயினாகும். எந்தத் தொட்டியிலிருந்து எவ்வளவு எடுத்துக் கலப்பது என்பது பிப்ரவரியில் முடிவாகும். பொர்தோ என்று உலகம் வாங்கிக் குடிக்கும் சிவப்பு ஒயின் பெரும்பாலும் ஒரே திராட்சையின் சாறு அல்ல, அந்தக் கலவை. ஒன்பது வருடமாக எங்கள் ஊர்க் கலவைக்குப் பொறுப்பான பெண்மணி ஒதீல்தான்.

கபெர்னே, மெர்லோ, பெத்தி வெர்தோ என்று மூன்று வகைத் திராட்சையை ஏன் கலக்க வேண்டும் என்று ஒருமுறை கேட்டேன். "கபெர்னே எலும்பு. மெர்லோ சதை. வெறும் எலும்ப எவன் கடிப்பான்? வெறும் சதை எழுந்து நிக்குமா?" என்றார். பிறகு சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். "பெத்தி வெர்தோ இவ்வளவுதான். உப்பு மாதிரி. போட்டது தெரியக் கூடாது. போடலன்னா தெரியணும்."

சாப்பாட்டில் சூப் முடியும்போது கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைப்பார். அதில் ஒயினை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்பார். எங்கள் பக்கத்தில் வயதானவர்கள் பலர் இப்படிக் குடிப்பதுண்டு. ஒதீலுக்கு அதுவும் ஒரு பரீட்சை. சூப்போடு சண்டை போடாத ஒயின் எவரோடும் ஒத்துப்போகும் என்பார்.

இவ்வளவு கறாரான ஆள் ஒரு தொட்டியை மட்டும் சுவைத்துப் பார்ப்பதே இல்லை. அது பதினோராம் தொட்டி. அதில் இருப்பது அவர் கணவர் ரெமியின் களிமண் சரிவில் விளைந்த மெர்லோ.

காரணம் ஊருக்கே தெரியும். ஒதீல் பொறுப்பேற்ற முதல் வருடம், கூட்டுறவுத் தலைவர் லகாஸ் சந்தையில் நாலு பேர் நடுவில், "இனி புருஷன் பழத்துக்குத்தான் முதல் பந்தி" என்று சொல்லிச் சிரித்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அந்தப் பேச்சுக்கு இடமே கொடுக்கக் கூடாதென்று ஒதீல் முடிவு செய்தார். அன்றிலிருந்து பதினோராம் தொட்டி முதல் தரக் கலவைக்கு வந்ததே இல்லை. வேறு யாரோ பெயர் ஒட்டி விற்கும் மொத்தச் சரக்கோடு அது போய்விடும்.

ரெமி பேச்சுக் குறைந்தவர். இந்தக் குளிர்காலத்தில் அவர் தன் சரிவில் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யவில்லை. கொடிகள் தலைவாரப்படாத முடி போலக் கிடந்தன. காப்பிக் கடையில் யாரோ கேட்டபோது, கொடிகளையே பிடுங்கிவிடப் போவதாகச் சொன்னார். இந்த வருடமும் மொத்தச் சரக்குதான் என்றால், மார்ச்சில் இயந்திரம் வரும். "பேர் இல்லாத ஒயினுக்கு நான் எதுக்கு முதுகு ஒடிக்கணும்?" அவர் மனைவியைக் குறை சொல்லவில்லை. அதுதான் கேட்டவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

கலவையைத் தேர்ந்தெடுக்கும் காலையில் கிடங்கின் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் சுவரோரம் நின்று பார்க்கலாம். பள்ளி முடித்து அடுத்தது என்னவென்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நானும் போய் நின்றேன். மேசையில் ஐந்து பேர்: ஒதீல், லகாஸ், இன்னும் மூன்று விவசாயிகள். சோதனைக்கூடப் பெண் பின்னறையில் கலந்து, எண் மட்டும் ஒட்டி, ஆளுக்கு ஐந்து கோப்பை வைத்தாள். எதில் என்ன இருக்கிறது என்று மேசையில் யாருக்கும் தெரியக் கூடாது. பிடித்த வரிசையைச் சீட்டில் எழுத வேண்டும். பெயர் எழுதக் கூடாது.

போன ஆகஸ்டில் மழை விடாமல் பெய்ததால் மற்ற சரிவுகளின் மெர்லோ எல்லாம் நீர்த்திருந்தது. முதல் இரண்டு கோப்பைக்கும் எல்லோர் முகமும் சுருங்கியது. மூன்றாவதை ஒதீல் மூக்கருகே கொண்டுபோனார். கை அப்படியே நின்றது. மற்றவற்றையும் சுவைத்துவிட்டு, சீட்டை வேகமாக எழுதிக் கவிழ்த்தார்.

லகாஸ் சீட்டுகளைப் படித்தார். நாலு சீட்டில் மூன்றாம் கோப்பை முதலிடம். ஐந்தாவது சீட்டில் அதுவே கடைசி.

"இந்தச் சீட்டு யாரோடது?"

"என்னோடது" என்றார் ஒதீல்.

"மூணுல என்ன குறை?"

"குறை ஒண்ணுமில்ல. மத்த தொட்டி வாசனையெல்லாம் எனக்குத் தெரியும். அதுல இருக்கறது பதினோராம் தொட்டி."

"இருக்கும். காலைல ஏதாவது ஒரு கலவையில அத ஊத்தச் சொன்னது நான்தான்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

லகாஸ் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஒன்பது வருஷம் முன்னாடி வாய்க்கு வந்தத ஒளறினேன் ஒதீல். அதுக்கு நாற்பத்திரண்டு குடும்பமும் ஒல்லி ஒயின வித்துக்கிட்டு இருக்கோம். உனக்குக் கொடுத்த வேலை ஒயினக் காப்பாத்தறதா, உன் பேரக் காப்பாத்தறதா?"

"நாளைக்கு இதையே வேற எவனாவது சொல்லுவான்."

"சொல்லுவான். நானே திரும்பச் சொன்னாலும் சொல்லுவேன். ஆனா குடிச்சிட்டுச் சொல்லுவேன்."

யாரோ சிரித்தார்கள். ஒதீல் சிரிக்கவில்லை. எழுந்து பின்னறைக்குப் போய், அளவுக் குழாயையும் குப்பிகளையும் தானே எடுத்துவந்தார். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு பதினோராம் தொட்டியிலிருந்து ஊற்றிச் சுவைத்தார். தலையாட்டினார், போதாது என்று. இருபத்தைந்து ஊற்றினார். அது கூடுதல். இருபத்திரண்டில் கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

"எழுதிக்கோம்மா. இருபத்திரண்டு" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார்.

ரெமிக்குப் போன் போடவா என்று லகாஸ் கேட்டார். ஒதீல் அந்தக் கலவையை ஒரு கோப்பையில் எடுத்து, உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மேல்கோட்டுகூட மாட்டாமல் வெளியே போனார். தூறிக்கொண்டிருந்தது. நாங்கள் வாசலில் கூடி நின்று பார்த்தோம்.

கிடங்குக்கு எதிரிலேயே இருக்கும் களிமண் சரிவில் ரெமி கொடிகளைத் தாங்கும் கம்பிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஒதீல் கோப்பையை நீட்டினார். ஏதாவது சொன்னாரா என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ரெமி கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அவர் குடிப்பதைப் பார்க்க ஒதீல் நிற்கவில்லை. கணவரின் இடுப்புப் பையிலிருந்து கவாத்துக் கத்தரியை உருவி, முதல் கொடியின் முன் குனிந்து, இரண்டு கிளைகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வெட்டத் தொடங்கினார்.