டிரஸ்ஸர் மாணிக்கமும் ஒரு பெட்டி கால்சியமும்

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து வந்த லோரிக்காரர் சொன்னார்: "நம்ம டிரஸ்ஸர் மாணிக்கம் போயிட்டாருப்பா. மலேரியா." எனக்கு முதலில் நினைவு வந்தது அவர் முகமல்ல, என் அக்கா அஞ்சலையின் விரல்கள்.

கிள்ளான் பக்கம் எங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்த்த அவரிடம் மருந்து வாங்கியவர்களுக்கு இதைச் சொல்கிறேன். நானும் தோட்டத்தில் இருந்த காலம் அது. அக்கா முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த மூன்றாம் மாதம், மணிக்கட்டு மடங்கி விரல்கள் குவிந்து விறைத்தன. பேய் என்று பூசாரி வேப்பிலையால் அடித்துக்கொண்டிருந்தார். மாணிக்கம் வந்து, அவள் காதுக்கு முன்னால் விரலால் தட்டினார். உதடு வெட்டி இழுத்தது.

"பூசாரி அண்ணே, ஒங்க பேய் ரத்தத்துல இருக்கு. சுண்ணாம்புச் சத்து கொறைஞ்சா நரம்பு யாரையும் கேக்காம சதையை முறுக்கும். இலையை வச்சிட்டு வெளக்கைப் பிடிங்க."

கால்சியம் ஊசியை மிக மெதுவாக ஏற்றினார். இன்னொரு கை அவள் நாடியிலேயே இருந்தது.

"சீக்கிரம் போடுங்கய்யா" என்றேன்.

"சும்மா இருடா. இது இல்லாட்டி தவளை நெஞ்சுகூடத் துடிக்காதுன்னு சீமையில சோதிச்சிருக்கான். அவசரப்பட்டா துடிக்கிற நெஞ்சை இதுவே நிறுத்திடும்."

விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன.

தாய்மார்களுக்குப் பால் கேட்டு அவர் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போனார். பங்களாவுக்கே போதவில்லை என்று பதில் வந்தது. பிறகு துரையின் சீமைப் பசு கன்று ஈன்றதும் எழ முடியாமல் விழுந்தது. அதற்கும் இதே குறைதான். ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே பெட்டி கால்சியம் ஊசியைக் கொண்டுவரச் சொன்னார்கள். மாணிக்கம் கொண்டுபோனார். பசு எழுந்தது. அடுத்த வாரம், பால் கொடுத்துக்கொண்டிருந்த இன்னொரு தாய் குப்பம்மாளுக்குக் கை முறுக்கி, தொண்டையும் இறுகியது. ஊசி இல்லை. அவள் எழவில்லை.

"ஏன் குடுத்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"வேலை போயிடும்னு பயந்தேன்டா" என்றார்.

அதன்பின் ஞாயிறுதோறும் தொழிலாளர் வீட்டு வரிசைகளில் லயம் லயமாக நடந்து, பால் கொடுக்கும் பெண்களின் காதுக்கு முன்னால் தட்டிப் பார்த்தார். எழுதி எழுதி இன்னொரு பெட்டியும் வரவழைத்தார்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தத் தட்டல்தான். அஞ்சலைக்கு இப்போது இரண்டாவது கைக்குழந்தை. அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து அவளைத் தட்டிப் பார்த்தேன். உதடு இழுத்தது.

பெட்டி ஆஸ்பத்திரி அலமாரியில் இருக்கிறது. துரையின் பசு மறுபடி நிறைசினை. நான் அந்த அலமாரி முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் இங்கே வாருங்கள்.