வேண்டாம் என்ற பொத்தான்

எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியின் விளையாட்டு டீச்சர் அவர். கறுப்பு புர்காவின் மேல் எப்போதும் ஒரு விசில் தொங்கும். பேசும்போது அதை விரலில் சுற்றிக்கொண்டே இருப்பார்.

பள்ளி மைதானத்தில் கல்யாண மண்டபம் கட்டலாமா என்று துபாயிலிருந்த ஊர்ச் சங்கத்தார் தங்கள் இணையதளத்தில் ஓட்டுக் கேட்டிருந்தார்கள். தளத்தை வடிவமைத்தவன் நான். டீச்சர் என் பிரவுசிங் சென்டருக்கு வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, சம்மதம்னு ஒரு பட்டன் இருக்கு. வேணாம்னு சொல்ல எதை அமுக்கணும்?”

“வலது பக்கம் இருக்குங்க டீச்சர். துபாய்ல உள்ள பெரிய மானிட்டருக்குப் பண்ணினது, இந்தச் சின்னதுல ஓரம் தெரியாது. கீழ இருக்கிற பட்டையை இழுத்தா வரும்.”

“சம்மதம் தானா வருது, வேணாம்னா மட்டும் நான் இழுக்கணுமா?”

இழுத்துக் காட்டினேன். அவர் மவுஸைத் தொடவில்லை.

“எனக்குக் காட்டிட்டீங்க. இதுவரைக்கும் அமுக்கிட்டுப் போனவங்களுக்கு யாரு காட்டுனா?” விசிலை எடுத்து அறை அதிர ஊதினார். “ஃபவுல். முதல்லேருந்து ஆடணும்.”

பக்கத்தைச் சின்னத் திரைக்குள் அடங்கும்படி மாற்றி, அதுவரை விழுந்த ஓட்டுகளையெல்லாம் அழித்தேன். மறுநாள் துபாயிலிருந்து போனில் கத்தினார்கள்: “யாரைக் கேட்டு அழிச்சீங்க?”

“டீச்சர் விசில் ஊதிட்டாங்க” என்றேன்.

அதைவிடச் சரியான காரணம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.