அம்சவல்லிக்கு ஒரு கடன் வேண்டும்

பெண்ணாடம் பஸ்ஸில் காதில் விழுந்தது இது: விருத்தாசலத்தில் ஒரு பெண்மணி வீடு வீடாகக் கடன் கேட்டு அலைகிறாராம். பணம் வேண்டாமாம், கடன் மட்டும் போதுமாம். பஸ்ஸில் வரும் செய்தியில் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுவது என் வழக்கம். நேரில் போய் விசாரித்தேன். தள்ளுவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் போனபோது அம்சவல்லி பால்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பால் காசை மாதக் கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டாராம்.

“நீங்க பாட்டுக்கு ஊத்திட்டுப் போயிடுவீங்க. காசு குடுக்காத பாலக் குடிச்சிட்டு நான் எப்படித் தூங்குறது?”

நாற்பத்திரண்டு வயதில் அவர் யாருக்கும் ஒரு ரூபாய்கூட பாக்கி வைத்ததில்லை. மகளிர் குழுவில் சேர்ந்தார். குழு கடன் கொடுக்கத் தொடங்கிய அன்று விலகிவிட்டார். கொளஞ்சியப்பர் கோயிலில் குறையை எழுதிப் பிராது கட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம். காரியம் முடிந்ததும் திரும்பப் போய்ப் பணம் கட்டி வாபஸ் வாங்க வேண்டும். அம்சவல்லி பிராது கட்டிய கையோடு, “வாபஸ் காசையும் இப்பவே புடிச்சிக்கிங்க” என்று நீட்டியவர். “சாமி இன்னும் படிக்கவே இல்லீங்கம்மா” என்றாராம் அங்கிருந்தவர்.

கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வெகுகாலம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். முதலாளி கலீல் ரஹ்மான் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டு ஹஜ்ஜுக்கே போய் வந்தார். போன வருடம் அவர் கடையை மூடிவிட்டு மகனோடு துபாய்க்குப் போய்விட்டார். இப்போது அம்சவல்லி ஒரு பீங்கான் பட்டறையில் மின்சார பியூஸ் கேரியர்களுக்குக் காகிதம் சுற்றுகிறார். தினக்கூலி. மகள் சண்முகப்ரியா நர்சிங் படிக்கிறாள். காகிதம் சுற்றி அந்த ஃபீஸைக் கட்ட முடியாது. அதனால்தான் வாஷ்பேசின் விற்கும் ஒரு புதிய கம்பெனியின் காசாளர் வேலைக்கு மனுப் போட்டார்.

கம்பெனிக்கு ஒரு விதி உண்டு. காசைத் தொடும் வேலைக்கு யார் வந்தாலும் அவருடைய கடன் சரித்திரத்தைக் கம்ப்யூட்டரில் பார்ப்பார்கள். கடனில் மூழ்கியவர் கல்லாவில் கை வைத்துவிடுவார் என்ற பயம். ஆள் எடுக்கும் அதிகாரி வேல்விழி பார்த்திருக்கிறார்.

“உங்க பேர்ல ஒண்ணுமே காட்டலீங்களே.”

“ஒண்ணியும் இருக்காதுங்க!” என்று அம்சவல்லி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

“அதாங்க பிரச்சினை. வாங்கினா ஒழுங்கா திருப்பிக் கட்டுவீங்களான்னு பாக்கணும். நீங்க வாங்கவே இல்லியே?”

“வாங்காததையும் சேத்துக் கட்டிட்டேன்னு வச்சிக்கிங்களேன்.”

கம்ப்யூட்டர் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. வேல்விழிக்கு இவரைப் பிடித்துப் போயிற்று; ஆறு மாதம் தற்காலிக ஆளை வைத்து ஓட்டுகிறேன், அதற்குள் ஏதாவது கடன் வாங்கிக் கட்டி, கம்ப்யூட்டரில் ஒரு ஸ்கோர் கொண்டுவாருங்கள் என்றார். போகிற போக்கில், கூட வந்த கணவர் பழமலைநாதனின் ஸ்கோரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆட்டோ, போன், பிரிட்ஜ், கட்டில் எல்லாமே தவணையில் வாங்கி, முக்கி முனகிக் கட்டிவரும் மனிதர் அவர். தொள்ளாயிரத்துக்கு எழுநூற்று எழுபது. பிரமாதம் என்றாராம் வேல்விழி.

“அன்னிலேர்ந்து இவரு நடையே மாறிப்போச்சி” என்கிறார் அம்சவல்லி. “ஊர்ல இருக்குற கடன்காரனப் பாத்து ஒளிஞ்ச மனுசன். இப்ப எனக்குப் பாடம் எடுக்குறாரு.”

கணவர் பாடம் எடுப்பதற்குள் அம்சவல்லி தெருவில் இறங்கிவிட்டார். எட்டு வீட்டில் கடன் கேட்டார். கொடுக்க எல்லாரும் தயார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறியது இந்தச் செய்திதான்; என் காதுக்கு வந்து சேரச் சில மாதம் ஆகியிருக்கிறது.

கடைசியில் பழமலைநாதன் கைப்பிடியாய் அழைத்துப்போய், ஒரு கடையில் தவணைக்கு மிக்சி வாங்கிக் கொடுத்தார். மறுநாள் கடை திறக்கும்போது அம்சவல்லி வாசலில் நின்றார், முழுப் பணத்தோடு. கடைப் பையன் ஷாருக் பதறிவிட்டான்.

“அக்கா, கட்டிடாதீங்கக்கா! ஆறு மாசமாவது ஓடணும். அப்பதான் ஸ்கோர் வரும்.”

“கடனக் கட்டாதன்னு கெஞ்சுற கடைய இப்பதான்யா பாக்குறேன்.”

கட்டாத மிக்சியில் அரைக்க அவருக்கு மனம் வரவில்லை. துண்டு போட்டு மூடி வைத்திருந்தார். பன்னிரண்டு தவணையில் நான்கு கட்டி முடித்த பிறகு, “மூணு ஜாருல சின்ன ஜாரு எனக்குச் சொந்தமாயிடுச்சி” என்று கணக்குப் போட்டு, அதில் மட்டும் தேங்காய்ச் சட்னி அரைத்தார். பழமலைநாதன் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, “மோட்டாரு யாருது?” என்றார். அன்றோடு சட்னியும் நின்றது.

இன்னும் இரண்டு மாதம் தாக்குப்பிடித்தால் வேலை. ஷாருக்குக்குத்தான் நம்பிக்கை இல்லை. தெருமுனையில் அக்கா தலை தெரிந்தாலே கடைக்குள் போய்விடுகிறான்.

நான் போன அன்று சாயங்காலம் பட்டறை விட்டதும் பழமலைநாதனின் ஆட்டோவில் மூவரும் பாலக்கரைப் பக்கம் வந்தோம். பூ விற்கும் வீராயி மல்லிகையை முழம் போட்டு நறுக்கிக் கொடுத்தார். அம்சவல்லி பர்ஸைத் திறந்தார். ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாள், கொஞ்சம் சில்லறை. ஐந்து ரூபாய் குறைந்தது. வீராயியிடம் ஐந்நூறுக்குச் சில்லறை இல்லை. போனில் வாங்க அவரிடம் போனே இல்லை.

“அஞ்சு ரூவாதான தாயி, நாளைக்கிக் குடு.”

அம்சவல்லி கணவரைப் பார்த்தார். பழமலைநாதன் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். “நான் குடுத்தாலும் கடன்தான அம்சா? பழகிக்க. சொல்லு, நாளைக்கித் தரேன்னு சொல்லு.”

என் கையும் பைக்குப் போனது. “நீங்க சும்மா இருங்க சார், பயிற்சி நடக்குது” என்று பழமலைநாதன் தடுத்துவிட்டார்.

அம்சவல்லி வீராயி பக்கம் திரும்பினார். “நாளைக்கி... தரேங்க.”

“ஆச்சு!” என்று பழமலைநாதன் கைதட்டிவிட்டு ஆட்டோவைக் கிளப்பப் போனார். அவர் முதுகு திரும்பியதுதான் தாமதம். அம்சவல்லி தோளிலிருந்த பையைத் திறந்து, தன் டிபன் கேரியரை எடுத்து, வீராயியின் பூக்கூடைக்குப் பக்கத்தில் சத்தமில்லாமல் அடகு வைத்தார்.