முறிகண்டிக்கு முன்னால் நின்ற மலைநாட்டு எஞ்சின்

அந்தச் சீட்டில் நீங்கள் சிவப்புப் பேனையால் எழுதியது பொய். தெரியாமல் எழுதவில்லை. தெரிந்துகொண்டே எழுதினீர்கள்.

உங்கள் பெயரை இங்கே போட மாட்டேன். வடக்குப் பாதையில், பச்சைக்கொடி காட்டி ரயிலை விடும் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர் நீங்கள். வவுனியாவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த மாதிரி ரயில் கண்காட்சிக்கு நடுவராக வந்தீர்கள். நான் கிளிநொச்சியில் மோட்டார் சுற்றிக் கொடுப்பவன். தண்ணீர் பம்ப், மின்விசிறி, எது எரிந்தாலும் என்னிடம் வரும். எழுத்து என் தொழில் அல்ல. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கடைக்குப் பின்னால் உள்ள அறையில், சுவரோரமாகப் பலகைகளைப் பூட்டி, மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரைக்குமான பாதையைச் செய்து வைத்திருக்கிறேன். ஒரு மைலுக்கு ஒரு அடி. காலம், நான் ஆறு வயதில் இந்தப் பாதையால் வந்த காலம். பிறகு போர்க்காலத்தில் அந்தத் தண்டவாளங்களைப் பிடுங்கிப் பதுங்குகுழிப் பங்கர்களுக்கு மேலே அடுக்கினார்கள். இப்போது ரயில் ஓடுவது புதிதாகப் போட்ட பாதையில்.

மாதிரி ரயில் செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாதை, எந்தக் காலம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குள் அடங்காத எஞ்சின் ஒன்றை ஓடவிட்டால், அது ஏன் இங்கே வந்தது என்று ஒரு சீட்டில் எழுதி முன்னால் வைக்க வேண்டும். காரணச் சீட்டு என்போம். முக்கால்வாசிப் பேர் அதில் புளுகுவார்கள். பரீட்சைக்கு ஓடுது, திருத்த வேலைக்குப் போகுது என்று எதையாவது எழுதுவார்கள். ஆசைப்பட்டு வாங்கிய எஞ்சினை ஓட்டிப் பார்க்க ஒரு சாட்டு, அவ்வளவுதான். நடுவர்களும் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் புளுகவில்லை. என் எஞ்சின் மலைநாட்டுப் பாதை எஞ்சின். பால்மா வந்த ரின் தகரத்தை வெட்டி உடம்பு செய்தேன். உள்ளே பழைய கசற் ரேடியோவின் மோட்டார். சீட்டில் இதைத்தான் எழுதினேன்: "கலவரத்தின் பின் மலைநாட்டிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த ரயில். மலைப்பாதை வந்து சேரும் பொல்காவலைச் சந்தியில் எஞ்சின் மாற்ற ஆள் இருக்கவில்லை. அதே எஞ்சின் மாங்குளம் தாண்டியும் வந்தது." இதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட அதில் இல்லை. இதை நினைவில் வைத்திருங்கள், பிறகு தேவைப்படும்.

எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீட்டை, லயத்தை, கலவரத்தில் எரித்த பிறகு, அப்பா, அம்மா, நான், ஒரு துணிமூட்டை, இவ்வளவும்தான் அந்த ரயிலில் ஏறினோம். வவுனியாவுக்கு முன்னால் எங்கள் எதிரே வந்து இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மா, அப்பாவுக்கு இந்தப் பக்கத்து நடப்புகளைச் சொல்லிக்கொண்டு வந்தா.

"முறிகண்டியில நிக்காமல் எந்த வாகனமும் போறேல்ல. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைச்சுப்போட்டுத்தான் அங்கால போகவேணும். நீங்கள் புதுசா வாற ஆக்கள், கட்டாயம் உடையுங்கோ."

அவா சொன்னது ரோட்டில் போகிற பஸ்ஸையும் லொறியையும். இங்கே பிறந்த எவருக்கும் அது விளங்கும். மலையிலிருந்து வந்தவருக்கு எப்படி விளங்கும்? ரயிலும் நிற்கும் என்று அப்பா நினைத்தார். வவுனியா மேடையில் இறங்கி ஒரு தேங்காய் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மாங்குளம் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் காட்டுக்குள் நின்றது. நல்ல வெயில். நிலையமும் இல்லை, கோயிலும் இல்லை, இரண்டு பக்கமும் பாலை மரமும் வீரை மரமும்.

"வந்துருச்சு போல" என்று அப்பா எழும்பினார்.

"எங்கங்க வந்துருச்சு? காடாவுல்ல இருக்கு?" என்றா அம்மா.

"கோயிலு முன்னுக்கு இருக்கும். ஒடைச்சிட்டு வந்திர்றேன்."

நான் யன்னலால் பார்த்தேன். அப்பா எஞ்சின் பக்கம் நடந்தார். அந்த நேரம் எஞ்சின் சத்தமே போடவில்லை. மலையில் நிற்கும்போதுகூட அது உறுமிக்கொண்டுதான் நிற்கும். இங்கே ஊமை மாதிரி நின்றது. அப்பா அதன் மூக்கைச் சுற்றி மற்றப் பக்கம் போனார். உடனே ரயில் நகர்ந்தது. ஊதவில்லை. ஊதியிருந்தால் ஓடி வந்து ஏறியிருப்பார். அந்த இடத்தைக் கடக்கும்போது நான் ஒரு யன்னலிலும் அம்மா மற்ற யன்னலிலும் தலையை வெளியே போட்டுப் பார்த்தோம். இரண்டு பக்கமும் ஒருவரும் இல்லை.

கிளிநொச்சியில் இறங்கி, "எறங்குனவரு ஏறலயே" என்று மட்டும் அம்மா கத்தினா. "ரயில் நடுவில எங்கயும் நிக்கேல்ல" என்று அந்த ரயிலின் கார்டிடமிருந்து பதில் வந்தது. அதோடு சரி. நிற்காத ரயிலிலிருந்து ஒருவன் எப்படி இறங்குவான்? அதனால் ஊர் வேறு கதை கட்டியது. தோட்டத்தில் இன்னொருத்தி இருந்தாளாம், அவளிடம் திரும்பிப் போய்விட்டாராம். சாகும்வரை அம்மாவுக்கு இங்கே ஒரே பெயர்தான், புருசன் விட்டுப்போனவள். எவளும் தன் பிள்ளையின் கலியாணத்தில் அம்மாவை முன்னுக்கு விட்டதில்லை. அம்மா கடைசி வரைக்கும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தா: "ஒரு தேங்கா ஒடைக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

இனிச் சொல்வதை நம்பினால் நம்புங்கள். என் பலகையில் அந்த எஞ்சின் ஒரே இடத்தில் நிற்கிறது. முறிகண்டிக்குத் தெற்கே பதினைந்து அங்குலத்தில். நான் மின்சாரம் படித்தவன், பேய்க்கதை சொல்கிறவன் இல்லை. மீற்றர் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு வோல்ற்றும் சரியாக வந்தது. மற்ற எஞ்சின்கள் அந்த இடத்தைத் தாண்டி ஓடின. மோட்டாரை மாற்றினேன். தண்டவாளத் துண்டைக் கழற்றிப் புதுத்துண்டு போட்டேன். அப்போதும் நின்றது. ஒரு நிமிடம் போல நின்று, தானாகவே நகரும்.

என் மனுசிக்கு அந்த அறைக்குள் வரவே பிடிக்காது. "உதை ஓட்டாதேங்கோ" என்றா ஒருநாள். "ஏன்?" என்றேன். "அது நிக்கேக்க ஆரோ இறங்கின மாதிரிக் கிடக்கு. நான் குசினிக்குள்ள நிண்டாலும் தெரியுது." பிறகு ஓட்டும்போதெல்லாம் அவா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு வளவுக்குப் போய்விடுவா.

பதினைந்து அங்குலம் என்றால் ஒன்றேகால் மைல். ஒரு மத்தியானம் முறிகண்டியில் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டுத் தண்டவாளத்தோடு தெற்கே நடந்தேன். கணக்குக்குச் சரியான இடத்தில் ஒரு மதகு. மதகோரம், பாலை மரங்களுக்கு நடுவில், ஒற்றைத் தென்னை. பழைய மரம், உடம்பெல்லாம் ஷெல் பட்ட தழும்பு. சுற்றிலும் வீடு இல்லை, கிணறு இல்லை, அங்கே எவரும் தென்னை வைக்க மாட்டார்கள். உடைத்த தேங்காய் முளைக்காது. காற்று இல்லை, ஆனால் ஓலை ஆடிக்கொண்டிருந்தது. நான் கிட்டப் போகவில்லை. போகத்தான் வேண்டும் என்று தெரிந்தும் திரும்பி நடந்தேன்.

அதற்குப் பிறகுதான் கண்காட்சிக்கு வந்தேன். பெருமைக்கு வரவில்லை. அந்த எஞ்சின் இங்கே ஓடியது என்று பத்துப் பேர் முன்னால் எழுதி வைத்தால், அதைக் கண்ட ஒருவராவது வாய் திறப்பார் என்று வந்தேன். மூன்று பலகைகள் மட்டும் கொண்டுவந்தேன். அவற்றில் கோயில் இல்லை, நிலையம் இல்லை, வெறும் காடு.

நீங்கள் சீட்டை வாசித்துவிட்டு எல்லோருக்கும் கேட்கக் கதைத்தீர்கள். "என்ன தம்பி, மலைநாட்டு எஞ்சினுக்கு வன்னிக் காட்டுக்குள்ள என்ன அலுவல்? உதுவும் உங்கட ஆக்களைப் போல காணி பிடிக்க வந்ததோ?"

சிரித்தார்கள். "உது வந்தபடியாத்தான் ஐயா நாங்கள் வந்தனாங்கள்" என்று சொல்லிவிட்டு ஓடவிட்டேன். அது வழக்கமான இடத்தில் நின்றது.

"ஏன் நிப்பாட்டினனீர்?"

"நான் நிப்பாட்டேல்ல ஐயா. தானா நிண்டது."

உங்கள் முகம் மாறியதை நான் மட்டுமல்ல, சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். குனிந்து, ஒற்றை விரலால் எஞ்சினைத் தள்ளினீர்கள். "இதில நிக்கக் கூடாது" என்றீர்கள், மெதுவாக, எனக்கல்ல. "ஆக்கள் கோயில் எண்டு நினைச்சு இறங்கிப்போடுவினம்."

பிறகு நெருப்பைத் தொட்டவர் போல விரலை இழுத்துக்கொண்டீர்கள். நீங்கள் போன பிறகு நானும் தொட்டுப் பார்த்தேன். அந்த மண்டபத்து வெக்கையில் அந்தத் தகரம் குளிர்ந்து கிடந்தது, மலையில் விடியற்காலைத் தண்ணீர்க் குழாய் போல.

கோயில் என்று உங்களுக்கு யார் சொன்னது? இறங்கியதை யார் சொன்னது? சீட்டில் இல்லை. பலகையில் இல்லை. என் மனுசியைத் தவிர உயிரோடு இருக்கிற எவருக்கும் நான் சொன்னதில்லை. அப்படியிருக்க, பேனையை எடுத்து "இந்த எஞ்சின் வடக்குப் பாதையில் ஓடியதே இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்த மேசைக்குப் போனீர்கள். கிளிநொச்சியில் என் அம்மாவுக்குக் கிடைத்த பதிலும் இதே மாதிரித்தான்.

அந்தக் கார்டின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை, ஆறு வயது. அது நீங்கள்தான் என்று சத்தியம் பண்ண மாட்டேன். உங்களைச் சிறைக்கு அனுப்பவும் எனக்கு விருப்பம் இல்லை. அதே மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னால், கையில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் சொல்ல வேண்டும். அந்த ரயில் அங்கே நின்றதா இல்லையா? ஒரு மனிதன் இறங்கியதைக் கண்டபிறகுதான் பச்சைக்கொடி காட்டினீர்களா? அவர் எஞ்சினைச் சுற்றி மற்றப் பக்கம் போனபோது அங்கே எதைக் கண்டார், நீங்கள் எதைக் கண்டீர்கள்? எனக்குத் தனியாக வந்து சொல்லவேண்டாம், நான் கதவு திறக்க மாட்டேன். என் அம்மாவைப் பழித்த கிளிநொச்சி வரைக்கும் கேட்க, உரக்கச் சொல்லுங்கள்.