நகம் தெரியும் சிவப்பு

பார்க் எக்ஸ்டென்ஷன் வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிக்குக் கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். கிரேக்கர், மனைவியை இழந்தவர். ஒவ்வொரு ஒக்டோபரிலும் பெட்டி பெட்டியாகத் திராட்சை வாங்கி, பேஸ்மென்ட்டில் வைன் போடுவார். கிளாஸுக்குப் பின்னால் விரலைப் பிடித்தால் நகம் தெரியும். அவ்வளவு மெல்லிய சிவப்பு. சற்றுக் குளிராகத்தான் தருவார். செர்ரிப்பழ வாசம், நாக்கில் கனக்காத புளிப்பு. விழுங்கியதும் வாய் சுத்தமாகிவிடும். மெதுவாகக் குடிக்க நான் பழகியது அந்த வைனில்தான்.

ஒரு குளிர்காலக் காய்ச்சலோடு அவருக்கு மணமும் ருசியும் போய்விட்டன. பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. தெரிந்தால் வைன் போடுவதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம். என்னைக் கீழே கூப்பிட்டு முதல் கிளாஸை நீட்டினார். எங்கள் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த பிரெஞ்சில் கேட்டார்:

“இனி உன்ர மூக்குத்தான் எனக்கு. ஈஸ்டருக்குப் பிள்ளையள் வருவினம். குடுக்கலாமோ?”

கிளாஸைக் கிட்டக் கொண்டுபோகும்போதே, வைன் புளித்துக் கெட்டு வினாகிரியாக மணத்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தவர் முன்னால் குறை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “நல்லா இருக்கு” என்றேன். மிச்சத்தையும் குடித்தேன்.

மேலே வந்து மனைவியிடம் சொன்னேன்.

“என்ர கறியில உப்புக் கூடினால் மட்டும் உங்களுக்கு வாய் நல்லா வரும். இப்பவே போய்ச் சொல்லுங்கோ.”

“பேந்து சொல்லுறன்.”

ஈஸ்டருக்கு மூன்று கிழமை இருந்தது. படியில் நாலைந்து தரம் அவரைக் கண்டேன். பனியைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்தேன்.

ஈஸ்டரன்று மத்தியானம் கீழே ஒரே சிரிப்பாக இருந்தது. திடீரென்று அடங்கியது. பிறகு மகனின் குரல் மட்டும் கேட்டது. அடுத்த நாள் காலை அவன் பீப்பாயைப் பின்முற்றத்தில் கவிழ்த்துவிட்டு, திராட்சை பிழியும் இயந்திரத்தைத் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

பின்னேரம் கிழவர் நான்கு போத்தல்களோடு மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது.

“இனி வைன் போடக்கூடாதாம். அவங்களுக்கு என்ன ருசி தெரியும்? உனக்குப் பிடிச்சதெண்டு இதை ஒளிச்சு வைச்சனான்.”

மனைவி குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் போத்தல்களை வாங்கிக்கொண்டு, “மெர்சி” என்று நன்றி சொன்னேன்.