மேடையில் பொய் சொல்லாத எஸ்தர் அக்கா

சுங்கைப் பட்டாணி பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். கரங்கானிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த எஸ்தர் அக்காவின் தம்பி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றார். “ரோசி, அக்கா போயிட்டாங்க. நாளைக்குக் காலையில அடக்கம்.” மீனை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். இனி எனக்காக ஜெபிக்க யார் இருக்கிறார்கள் என்ற பயம்தான் முதலில் வந்தது. அழுகை அதற்குப் பிறகுதான்.

எழுபதுகளில் கரங்கான் பக்கத்துத் தோட்டமொன்றில் நாங்கள் இருவரும் ரப்பர் மரம் சீவினோம். ஒருநாள் பாலை உறைய வைக்கும் ஆசிட் தெறித்து அக்காவின் இரண்டு கண்களும் போயின. முப்பது வயதுகூட ஆகவில்லை. பேசி வைத்திருந்த கல்யாணமும் நின்றது. அதன்பின் ஞாயிறுதோறும் என் தோளைப் பிடித்தபடி சர்ச்சுக்கு வருவார்.

வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் நம் சபைக்கு வந்த கூட்டம் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அக்காவை மேடையேற்றி, கண்கள்மேல் கைவைத்து நெடுநேரம் ஜெபித்தார். “இப்போ தெரியுதாம்மா?” என்று மைக்கை நீட்டினார். கூட்டமே அல்லேலூயா சொல்லக் காத்திருந்தது.

“இல்லைங்கய்யா. ஒண்ணும் தெரியல.”

விசுவாசம் போதவில்லை என்று சொல்லிவிட்டு அவர் அடுத்தவரை அழைத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் பொருமினேன். “தெரியுதுன்னு சொல்லிட்டு இறங்கியிருக்கலாம்லா அக்கா!”

“பொய் சொல்லியா ஆண்டவருக்குப் பேர் வாங்கிக் கொடுக்கிறது?” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானும் ஆசையோடதான் போனேன் ரோசி” என்றார். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

மறு வருடம் என் மகள் கிரேஸ் காய்ச்சலில் இறந்துபோனாள். நாலு வயது. வந்தவர்கள் எல்லோரும் தேவசித்தம் என்றார்கள். நான் வேதப்புத்தகத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அக்கா லயத்து வீடுகளின் சுவரைத் தடவிக்கொண்டே தனியாக வந்தார். பிள்ளையின் சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்கும்படி கத்தினார்:

“ஆண்டவரே, என் கண்ண எடுத்தீங்க. இவ பிள்ளைய ஏன் எடுத்தீங்க? எங்களுக்கு விளங்கல. பதில் சொல்லாட்டியும் போகுது, இவளத் தனியா விட்டுடாதீங்க.”

பிள்ளையைப் புதைத்த பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன்.

அவருக்கு ஞானக்கண் திறந்திருக்கிறது என்று பலர் சொன்னார்கள். நானே ஒருமுறை கேட்டேன்: “உள்ளுக்குள்ள ஆண்டவரப் பார்க்கிறீங்களா அக்கா?”

“இருட்டுதான் ரோசி. சில நாள் அந்த இருட்டுல அவர் பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும். பல நாள் அதுவும் இல்ல. அப்பவும் கூப்பிடுவேன். வேற யாரக் கூப்பிடுறது?”

அடக்கத்தின்போது, அக்கா இப்போது ஆண்டவரை முகமுகமாய்க் காண்கிறார் என்றார் போதகர். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானோ, அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஆறுதல் அல்ல. பதில் வராத இடத்தைவிட்டு எழுந்து போகாத பிடிவாதம். இன்று காலை முழங்காலிட்டேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. வேலைக்கு நேரமாகும்வரை அப்படியே இருந்தேன்.