எதிர் மேஜைச் சத்தம்

அம்பத்தூரில் ஒரு தனியார் கிளினிக்கின் பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் சுரேகாவுக்கு, அங்கே இருக்கும் கீபோர்டைக் கண்டாலே ஆகாது. மெல்லிசாக, கறுப்பாக, தட்டினால் பழைய சோற்றில் விரல் விட்ட மாதிரி அமுங்கும். எழுத்து விழுந்ததா இல்லையா என்று திரையைப் பார்த்தால்தான் தெரியும். நோயாளியின் பெயரைக் கேட்டு அடிக்கும்போது தன்னையறியாமல் ஓங்கி அடித்துவிடுவாள். வருஷத்துக்கு ஒரு கீபோர்டாவது அவள் கையில் உயிரை விட்டுவிடும்.

கள்ளிக்குப்பத்தில் இருக்கும் அவள் வீட்டில் நிலைமை இன்னும் மோசம். மகள் திவ்யா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள். நாள் முழுக்க லேப்டாப்பைத் தடவிக்கொண்டிருப்பாள், சத்தமே வராது. அவள் வேலை செய்கிறாளா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறாளா என்று சுரேகாவுக்குச் சந்தேகமாகவே இருக்கும். சத்தம் போடாத வேலையை அவளால் வேலையென்று நம்ப முடிவதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் சுரேகா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தாள். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றின் மாடியில் நீளமான அறை. எதிரும் புதிருமாக மேஜைகள். துறைமுகத்துக்கு வரும் சரக்குச் சீட்டுகளை அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். தப்பு வரக்கூடாது என்பதற்காக ஒரே சீட்டை இரண்டு பேர் தனித்தனியாக அடிக்க வேண்டும். அசல் ஒருத்திக்கு, கார்பன் நகல் எதிரே இருப்பவளுக்கு. இரண்டையும் மிஷின் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே நிறுத்தும்.

சுரேகாவுக்கு எதிர் மேஜை மோகனப்பிரியாவுடையது. கோவில்பதாகைக்காரி. அப்பாவுக்கு ஏரிக்கரையில் கொஞ்சம் நிலம் இருந்து, பிறகு அது மனையாகிப் போன குடும்பம். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் அடிப்பதில் ஒரு தப்பு வராது என்று சூப்பர்வைசர் சொல்வார். இருவருக்கும் ஒரே வயது.

அந்த அறையில் இருந்தவை வெளிநாட்டிலிருந்து இறங்கிய பழைய கீபோர்டுகள். அடியில் இரும்புத் தகடு வைத்தவை. ஒரு கையால் தூக்கினால் மணிக்கட்டு நோகும். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சின்ன ஸ்பிரிங் உண்டு. அழுத்த அழுத்த அது எதிர்த்து நின்று, ஒரு கட்டத்தில் சட்டென்று மடங்கும். மடங்கும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் வந்தால் எழுத்து விழுந்துவிட்டது, திரையைப் பார்க்கவே வேண்டாம். கண் சீட்டிலேயே இருக்கும், காது மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

காதுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மோகனாவின் சத்தம். முதல் மாதத்திலேயே சுரேகா கவனித்துவிட்டாள், தான் ஒரு வரியை முடிக்கும்போது எதிரேயும் அந்த வரி முடியும். இருவரும் அடுத்த வரியைச் சேர்ந்தே தொடங்குவார்கள். கோலாட்டத்தில் கோல் மாற்றி அடிப்பது போல, ஒருத்தி விட்ட இடைவெளியில் இன்னொருத்தியின் சத்தம் வந்து உட்காரும். மழை நாளில், ஜன்னலைச் சாத்திவிட்டு அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போது, தான் ஒருத்தியா இரண்டு பேரா என்றே சுரேகாவுக்கு மறந்துவிடும். அவள் வாழ்க்கையில் தன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். மோகனா மாதிரி ஒரு கெட்டிக்காரிக்கு ஈடாகத் தானும் அடிக்கிறோமே என்ற பெருமை.

பிறகு மோகனா அவசரமாகக் கல்யாணம் முடிந்து அரக்கோணம் போனாள். எதிர் மேஜைக்கு வேறொரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், ஆனால் அவள் அடிப்பது வேறு ஊரில் யாரோ அடிப்பது போலக் கேட்டது. அடுத்த வருஷம் கம்பெனியையே மூடிவிட்டார்கள். சுரேகாவுக்கும் ரவிச்சந்திரனோடு கல்யாணமானது. திவ்யா பிறந்தாள். மோகனாவைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைப்பாள். இன்றைக்கு, நாளைக்கு, பொங்கல் கழித்து என்று தள்ளிப் போட்டதில், ஒரு கட்டத்துக்கு மேல் போவதற்கே கூச்சமாகிவிட்டது. இத்தனை வருஷம் எங்கே இருந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது?

கீபோர்டு ஆசை திரும்பவும் கிளம்பியது திவ்யாவால்தான். ஒருநாள் அவள் செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருக்க, அடுப்படியில் இருந்த சுரேகா கையில் கரண்டியோடு ஓடிவந்தாள். அந்த 'டிக்' சத்தம். பழைய கீபோர்டுகளைத் தேடிப் பிடித்துச் சுத்தம் செய்து, தட்டிக் காட்டி வீடியோ போடுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று திவ்யா விளக்கினாள். இதற்கென்று ஒரு கூட்டமா என்று ரவிச்சந்திரன் சிரித்தார். சுரேகா சிரிக்கவில்லை. அந்த வீடியோவை மறுபடி போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அதன் பிறகு அவள் காயலான் கடைகளாக ஏறி இறங்க ஆரம்பித்தாள். ஆவடியில் பழைய கம்ப்யூட்டர் வாங்கி உடைக்கும் பாபுவிடம் சொல்லி வைத்தாள். கனமாக இருக்க வேண்டும், தட்டினால் ஸ்பிரிங் சத்தம் வர வேண்டும், ஒயர் தடியாகச் சுருள் சுருளாக இருக்கும் என்று அடையாளம் சொன்னாள். அவன் போன் செய்யும் போதெல்லாம் ஓடுவாள். ஒவ்வொரு தடவையும் வேறு ஏதாவது இருக்கும். கனமாக இருப்பது மெத்தென்று அமுங்கும், சத்தம் போடுவது இலேசாக இருக்கும். அவற்றையும் விட மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோ மேல் அடுக்கினாள். இதுங்களுக்கும் ரேஷன் கார்டில் பேர் சேர்த்துவிடலாமா என்று ரவிச்சந்திரன் கேட்டார்.

கடைசியில் ஒரு மாசி மாத மத்தியானம் பாபுவிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நீ சொன்னது வந்துகீது. தூக்கி ஒருத்தன அடிச்சா அவன் போய்ச் சேந்துருவான், அவ்ளோ கனம்."

அதேதான். மஞ்சளேறி, விசைகளுக்கு நடுவில் தூசியும் முடியுமாக, மேல் மூலையில் ஒரு விரிசலோடு கிடந்தது. சுரேகா கடை வாசலில் நின்றபடியே ஒரு விசையை அழுத்தினாள். ஸ்பிரிங் எதிர்த்தது, மடங்கியது, டிக். இத்தனை காலம் அந்த விரல் எதைத் தேடிக்கொண்டிருந்ததோ அது அந்த ஒரு கணத்தில் கிடைத்துவிட்டது.

அதைச் சரிசெய்ய ஒரு மாதம் பிடித்தது. விசை மூடிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பழைய டூத் பிரஷால் தேய்த்து மொட்டை மாடியில் உலர்த்தினாள். இரும்புத் தகட்டைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கட்டைகள் பாதிக்கு மேல் உடைந்திருந்தன. திவ்யா வீடியோக்களைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அந்த இடங்களில் துளை போட்டுச் சின்னச் சின்ன போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்கினாள். பழைய ஒயரின் பின்னை இன்றைய கம்ப்யூட்டரில் செருக ஒரு இணைப்பையும் திவ்யாவே தருவித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாம் முடிந்து சுரேகா அடிக்க உட்கார்ந்தாள். சத்தம் தெருவரைக்கும் கேட்டது. பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். அவள் முகத்தைப் பார்த்த ரவிச்சந்திரன் கேலி செய்யாமல் காபி போட்டுக் கொடுத்தார்.

ஆனால் ஒரு வாரத்திலேயே அவளுக்கு என்னவோ குறைந்தது. கீபோர்டில் கோளாறா என்று திரும்பக் கழற்றிப் பார்த்தாள். இல்லை. ஒரு வரி முடிந்ததும் கை நின்றுவிடுகிறது, காது எதையோ எதிர்பார்க்கிறது. எதிரே சுவர்தான் இருந்தது. ஒரு கை தட்டினால் ஓசை வருமா என்பார்கள். அவளுக்கு ஓசை வந்தது, ஆனால் அது ஒரு கை ஓசையாகவே இருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் சுரேகா கீபோர்டைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கோவில்பதாகைக்குப் போனாள். மோகனாவின் அண்ணன் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. புருஷன் இறந்த பிறகு மோகனா இங்கேயே வந்துவிட்டாள், பக்கத்துத் தெருவில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறாள் என்றார்கள். அரக்கோணத்திலிருந்து வந்தே பல வருஷமாம். பஸ்ஸில் ஏறினால் வந்துவிடும் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள்.

கிரைண்டருக்குப் பக்கத்தில் நின்று பாக்கெட் கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். உடம்பு பெருத்து, முன்முடி நரைத்திருந்தாள். ஆனால் வாய் அப்படியே இருந்தது.

"இன்னாடி சுரேகா, இப்பதான் வழி தெரிஞ்சிச்சா உனுக்கு?" என்றாள்.

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிறகு எல்லாவற்றையும் பேசினார்கள். மோகனாவின் மகன் ஓசூரில் வேலையாக இருப்பது, சுரேகா வீட்டில் மாமியார் காலமானது, எஸ்டேட்டில் அந்தக் கட்டடத்தை இடித்தது. பேச்சு எஸ்டேட்டுக்கு வந்ததும் சுரேகா பையைத் திறந்து கீபோர்டை கல்லா மேஜைமேல் வைத்தாள். நாம் இரண்டு பேரும் ஒரே வேகத்தில் அடிப்போமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள்.

மோகனா அதைத் தொடவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினாள். கடைசி இரண்டு விரல்கள் உள்பக்கமாக மடங்கியிருந்தன.

"இந்த ரெண்டும் மரத்துப் போயி எத்தினியோ வருசம் ஆச்சி. அந்த ஸ்பிரிங்கு தின்னுட்சி. அந்தச் சத்தம் கனவுல வந்தாகூட நான் எழுந்து ஒக்காந்துக்குவேன். உள்ள வையி அத."

அந்த நேரம் பார்த்து மாவு வாங்க ஆள் வந்தது. சுரேகா கீபோர்டைத் திரும்பத் துண்டில் சுற்றினாள். காபி குடித்தாள், மறுபடி வருகிறேன் என்று சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் மடிமேல் இருந்த பையின் கனம் தொடையை அழுத்தியது. தனக்குச் சொர்க்கமாக இருந்த இடம் எதிரே இருந்தவளுக்கு இப்படி இருந்திருக்கிறதே, அதே மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து தானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு வெளியில் பார்க்கப் பிடிக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கீபோர்டைப் பீரோ மேல் மற்றவற்றோடு வைத்துவிட்டாள். திவ்யா கேட்டதற்குக் கழுத்து வலி என்றாள்.

சித்திரை வெயில் ஏறியிருந்த ஒரு காலையில் மோகனா கள்ளிக்குப்பத்துக்கு வந்து நின்றாள். கையில் ஒரு தூக்குச்சட்டி மாவு. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், திவ்யாவின் கன்னத்தைக் கிள்ளினாள், ரவிச்சந்திரனுக்கு வணக்கம் சொன்னாள். அவர் வெளியே கிளம்பிய பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு சுரேகாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ அன்னிக்கி சொன்ன பாரு, ரெண்டு பேரும் ஒரே வேகம்னு. அத உங்கிட்ட சொல்லாம இருக்க முடியல. அது ஒரே வேகம் இல்லடி. நான் நிறுத்தி நிறுத்தி அடிச்சேன். நீ ஒரு வரி முடிக்கிற சத்தம் கேட்டப்புறம்தான் நான் அடுத்த வரிக்கு போவேன்."

சுரேகாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. "எதுக்கு அப்டி செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள்.

"வேகமா அடிக்கிறவள உள் ரூமுக்கு மாத்திடுவாங்க இல்ல. ஏ.சி. ரூமுதான், சம்பளமும் ஜாஸ்திதான். அங்க யாரு கீறா எனுக்கு? நீ இங்க கீற."

அந்த அறையை சுரேகாவும் மறக்கவில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அறை. ஜோடியில் ஒருத்தி முந்தினால் அவளை அங்கே தூக்கிப் போடுவார்கள். இத்தனை வருஷமாகத் தன்னுடையது என்று பொத்தி வைத்திருந்த பெருமை கையைவிட்டுப் போவதை அவள் உணர்ந்தாள். அழுவதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. பிறகு, தனக்காக ஒருத்தி ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று வந்திருக்கிறாள் என்பது மெல்ல உள்ளே இறங்கியது. கல்யாண வாழ்க்கையில்கூட அவளுக்காக யாரும் அப்படிக் காத்திருந்ததில்லை.

உன் கை போனதற்கு அதுவும் ஒரு காரணமா என்று கேட்டாள். நான் உள்ளே போயிருந்தால் கை இன்னும் சீக்கிரம் போயிருக்கும், விடு என்றாள் மோகனா. பிறகு பீரோவை நிமிர்ந்து பார்த்து, "அந்த சனியன எடு. நீ அடி, நான் கேக்குறேன்" என்றாள்.

சுரேகா எடுத்து வைத்து அடிக்க உட்கார்ந்தாள். என்ன அடிப்பது என்று தெரியாமல், நினைவில் இருந்த கப்பல் பெயர்களையும் துறைமுகப் பெயர்களையும் அடித்தாள். முதல் வரி முடிந்ததும் கை நின்றது. எதிரே மோகனா மடங்கிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். எந்தப் பதிலும் வரவில்லை, கிரில் கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஒன்று போனது. சுரேகா இரண்டாவது வரியைத் தொடங்கினாள். அறையிலிருந்து எட்டிப் பார்த்த திவ்யா மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கேட்ட பிறகு மோகனா கண்ணைத் திறந்து, போதும்டி, தலைவலிக்குது என்றாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் சுரேகா ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில்பதாகைக்குப் போகிறாள். மோகனாவுக்கு விரல் நிமிராது என்பதால் பாக்கெட் கட்டும் வேலையை அவள் பார்த்துக்கொள்கிறாள். கிரைண்டர் சத்தத்தில் இருவரும் கத்திப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை இருவருமாக மாங்காட்டுக்குப் போய் அம்மனைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேச்சு. ஆடியில் கூட்டமாக இருக்கும் என்கிறாள் ஒருத்தி, புரட்டாசியில் கடையைப் போட்டுவிட்டு வர முடியாது என்கிறாள் இன்னொருத்தி. இன்னும் போகவில்லை.